வடக்கிலிருந்து வந்த கல்

ரொறன்ரோவில் நான் இருபத்தெட்டு வருடம் பார்த்த வேலைக்குத் தமிழில் ஒரு பெயர் கிடையாது. ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் கேட்டால் என் மனைவி, "அவர் நிலத்தில ஓட்டை போடுறவர்" என்பா. அதில் பிழையில்லை. ஒரு கட்டடமோ பாலமோ சுரங்கரயில் பாதையோ எழும்ப முன்னர் அந்த இடத்தில் துளையிட்டு, கீழே என்ன மண், எவ்வளவு இறுக்கம், தண்ணீர் எந்த மட்டம், பாறை எத்தனை மீற்றரில் என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் தொழில். துளைக்கிற இயந்திரத்தை ஓட்டுபவர் ட்ரில்லர். பக்கத்தில் நின்று எண்ணுவதும் பிசைவதும் முகர்வதும் எழுதுவதும் நான்.

எண்ணுவது சம்மட்டி அடிகளை. 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டி 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து கம்பியின் தலையில் விழும். கம்பியின் மறுநுனியில் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும் எஃகுக் குழாய் ஒன்று இருக்கும். தளத்தில் எல்லோருக்கும் அது 'ஸ்பூன்'. 450 மில்லிமீற்றருக்கு அதை அடித்து இறக்கி, முதல் 150ஐ விட்டுவிட்டு, மீதி 300க்கு எத்தனை அடி விழுந்தது என்று எழுதவேண்டும். அந்த எண்தான் எனக்குச் சோறு போட்டது. தளர்ந்த மணலில் ஐந்தாறு அடி போதும். இறுகிய மணலில் முப்பது, நாற்பது. ரொறன்ரோவின் அடியில் கிடக்கும் பழைய பனியாற்று மண்ணில் ஐம்பது அடி அடித்தும் ஸ்பூன் நாலு விரல்தான் இறங்கியிருக்கும்.

அந்த மண்ணுக்கு 'ரில்' என்று பெயர். கல் நிறைந்த, இறுகிய களிநிலத்துக்கு ஸ்கொட்லாந்து உழவர்கள் வைத்திருந்த சொல் அது. புவிச்சரிதவியலாளர்கள் அதை எடுத்துக்கொண்டு, பனிக்கட்டி நேரடியாகக் கொண்டுவந்து போட்ட மண் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டார்கள். 'நேரடியாக' என்பதை அழுத்திப் படிக்கவேண்டும். ஆறு ஒரு சல்லடை. பெருங்கல்லை மலையடிவாரத்தில் விட்டு, பரலை வளைவில் விட்டு, மணலைக் கரையில் விட்டு, வண்டலைக் கடலில் சேர்க்கும். காற்றும் புடைத்துத்தான் போடும். பனிக்கட்டிக்கு அந்தப் பழக்கமே இல்லை. வான் வண்டி அளவு கல்லும் முகத்துக்குப் பூசும் பவுடர் போன்ற களியும் ஒரே பிடியில் கிடக்கும். அடுக்கு இருக்காது, வரிசை இருக்காது. வெட்டிய குழியின் சுவரில் ரில்லைப் பார்த்தால், யாரோ கொங்கிறீற்றைக் குழைத்துவிட்டு ஊற்ற மறந்து போனதுபோல இருக்கும்.

1992இல் ஒரு மார்ச் காலையில் முதல் ஸ்பூனைத் திறந்தபோது நான் கொங்கிறீற் என்றே சொன்னேன். அதுவரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன் நான். ட்ரில்லர் நியூபவுண்லாந்துக்காரர், அறுபதை நெருங்கியவர். எல்லோரையும் 'மகனே' என்றுதான் கூப்பிடுவார். அது அவருடைய தீவின் வழக்கம். ஒரு மிளகளவு மண்ணைக் கிள்ளி என் கையில் வைத்து, "மகனே, முன்பல்லில் வைத்துக் கடி" என்றார். பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவரும் கடித்தார். மணல் என்றால் பல்லில் நொறுங்கும். வண்டல் என்றால் நொறுங்காது, நறநறக்கும். களி வெண்ணெய்போல வழுக்கும். நான் கடித்ததில் மூன்றும் இருந்தன. "மூன்றும் இருந்தால் பனிக்கட்டியை நினை" என்றார் அவர். பிறகு துப்பச் சொன்னார்.

பல்லில் கடிப்பதை இன்றைய பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கா. பழைய பெற்றோல் நிலையக் காணிகளில் துளைக்கும்போது அது அறிவான காரியமும் அல்ல. ஆனாலும் ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு கிழமை கழித்து வரும் அறிக்கைக்கும் என் பல்லுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு ரில் பிடிபடுவது கஷ்டம். எங்கள் பக்கத்தில் மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல், கல்லின் வெடிப்புக்குள் தண்ணீர். கிணறு வெட்டுகிறவர்களுக்கு அலவாங்கும் வெடிமருந்தும் இருந்தால் போதும். மண் என்பது கீழேயிருக்கும் பாறை உக்கிப் பெற்ற பிள்ளை என்பதுதான் எனக்குத் தெரிந்த நியாயம். ஒன்ராறியோவில் அந்த நியாயம் செல்லாது. இங்கே மண்ணுக்கும் அதன் கீழிருக்கும் பாறைக்கும் சொந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஸ்பூனில் வருகிற மண், பனிக்கட்டி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையிலுள்ள பாறைகளின் பிள்ளை. எனக்கு இது ஏறுவதற்கு ஆறேழு வருடமும் ஒரு பெரிய அவமானமும் தேவைப்பட்டன. அவமானத்தைப் பிறகு சொல்கிறேன்.

சுமார் 20,000 வருடங்களுக்கு முன் ஒன்ராறியோ முழுவதும் பனிப்பாளத்துக்குக் கீழே கிடந்தது. லோரென்ரைட் பனிப்பாளம் என்று அதைச் சொல்வார்கள். ரொறன்ரோவின் மேல் அதன் தடிப்பு ஒரு கிலோமீற்றருக்கும் அதிகம். அவ்வளவு பாரத்தில் பனிக்கட்டி கல்போல உடைவதில்லை. குழைந்த மா போல மெல்ல நகரும். அடியில் உருகும் நீர் பாறையின் வெடிப்புக்குள் இறங்கி மறுபடி உறைந்து, பாறையைக் கட்டிகட்டியாகப் பிடுங்கும். பிடுங்கிய கல் பனிக்கட்டியின் வயிற்றில் சிக்கிக்கொண்டு கீழேயுள்ள பாறையைக் கீறும்; தானும் தேயும். ரில்லுக்குள் கிடைக்கும் கற்களில் இந்தச் சண்டையின் அடையாளம் இருக்கும். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, அதில் இணையிணையாகக் கீறல். நீண்ட கல்லென்றால் நீளப்பக்கம் பனி போன திசைக்கே திரும்பிப் படுத்திருக்கும்.

எல்லாப் பாறையும் ஒரேமாதிரி அரைபடாது என்பதுதான் இதில் சுவையான சங்கதி. உரலில் வறுத்த மிளகாய் இடித்தவர்களுக்கு இது விளங்கும். தோல் மாவாகிப் பறக்கும், விதை உலக்கைக்குக் கடைசிவரை ஈடுகொடுக்கும். மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்சிஸ் ட்ரெய்மானிஸ் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். அவர் லத்வியாவில் பிறந்தவர். போரில் நாட்டை விட்டோடி, 1948இல் கனடா வந்து சேர்ந்தவர். அகதியாக வந்தவர் இந்த நாட்டு மண்ணை உள்ளூர்க்காரரைவிட நன்றாகப் படித்தார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஒவ்வொரு கனிமமும் பனிக்கட்டியின் அடியில் ஒரு குறித்த அளவுவரைதான் பொடியாகும், அதற்குக் கீழே போகாது என்று 1971இல் அவரும் வாக்னர்ஸ் என்பவரும் எழுதினார்கள். கிரனைற்றின் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் மணல் அளவில் நின்றுவிடும். சுண்ணாம்புக்கல் அதைவிட நைந்து வண்டலாகும். ஷேல் என்னும் தகட்டுக் களிப்பாறை ஏற்கெனவே களிதானே, அது திரும்பக் களிக்கே போய்விடும்.

புத்தகத்தில் இது நாலு வரி. எனக்கு அது நெடுஞ்சாலையில் வடக்கே போய்வந்த ஒரு கோடைகாலம்.

செவேர்ன் ஆற்றைத் தாண்டியதும் வீதியின் இரண்டு பக்கமும் இளஞ்சிவப்புப் பாறை எழும்பும். கனடியக் கேடயம் என்று சொல்லப்படும் பழம்பாறை அது, கிரனைற்றும் நைஸும். மஸ்கோக்காப் பக்கம் பணக்காரர்களின் ஏரிக்கரை வீடுகளுக்குத் துளைபோடப் போவோம். ஓகர் என்கிற திருகுத் துளைகருவி அரை மீற்றர் போகும், நிற்கும். பக்கத்தில் இரண்டடி தள்ளிப் போட்டால் இரண்டு மீற்றர் போகும், நிற்கும். மண் எங்கே பள்ளம் இருந்ததோ அங்கே மட்டும் தங்கியிருக்கும். கையில் எடுத்தால் பருமணல், உதிரும், உருட்ட வராது. அதற்குள் தலையளவு கற்கள். திறந்து கிடக்கும் பாறையோ வடகிழக்குப் பக்கம் தடவிப் பார்க்கலாம்போல வழுவழுப்பாகவும் தென்மேற்குப் பக்கம் உடைத்தெடுத்ததுபோல முரடாகவும் இருக்கும். பனி ஏறின பக்கம் தேய்ந்தது, இறங்கின பக்கம் பிடுங்குப்பட்டது. திசைகாட்டி இல்லாமலே நீங்கள் அங்கே நின்று திசை சொல்லலாம்.

தெற்கே திரும்பி லின்ட்சே, பீற்றர்பரோ பக்கம் வந்தால் பாறை சுண்ணாம்புக்கல். மண் சாம்பல் வெள்ளை, வண்டல் கூடியது. சட்டைப் பையில் பத்து விழுக்காடு ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு சின்னப் போத்தலில் எப்போதும் இருக்கும். ஒரு துளி விட்டால் சோடா திறந்ததுபோல நுரைக்கும். மஸ்கோக்கா மண்ணில் விட்டால் ஈரமாகும், அவ்வளவுதான். இங்கே ரில் தடிப்பு. பனிக்கட்டி அதை வழித்து, கவிழ்த்த கரண்டிபோன்ற நீள்மேடுகளாக இழுத்து விட்டிருக்கிறது. ட்ரம்லின் என்று பெயர். பீற்றர்பரோவைச் சுற்றி ஏறத்தாழ 3,000 மேடு. எல்லாம் ஒரு திசையைப் பார்த்துப் படுத்திருக்கும். இந்தப் பக்கத்து விவசாயிகள் ஒவ்வொரு வசந்தத்திலும் கல் பொறுக்குவார்கள். குளிரில் நிலம் உறைந்து இளகும்போது ரில்லுக்குள்ளிருந்து கல் மேலே கிளம்பிவரும். பாட்டன் பொறுக்கிய வயலில் பேரனும் பொறுக்குகிறான். வேலியோரத்தில் குவிந்து கிடக்கும் கல்லைப் பார்த்தால், சாம்பல் சுண்ணாம்புக்கற்களுக்கு நடுவே இளஞ்சிவப்பாகச் சில. அவை வடக்கிலிருந்து வந்தவை.

ரொறன்ரோ வந்தால் கீழே ஷேல். மண்ணில் களி கூடும், ஈரமாக இருந்தால் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே வரும். மேற்கே ஓக்வில் பக்கம் போனால் குயின்ஸ்ரன் ஷேல் சிவப்பு, ரில்லும் செம்மண்ணிறம். அதை முதலில் கண்ட அன்று எனக்கு ஊர் ஞாபகம் வந்து, ட்ரில்லருக்குத் தெரியாமல் கொஞ்சம் பையில் போட்டுக்கொண்டேன்.

இங்கே நன்றாகக் கவனித்தால் ஒரு சூட்சுமம் உண்டு. ரில்லின் பொடி பெரும்பாலும் சில கிலோமீற்றருக்குள் அரைபட்டது, உள்ளூர். அதில் கிடக்கும் கடினமான பெருங்கல்தான் தூரதேசம். ஷேல் துண்டு வெகுதூரம் தாங்காது, வழியிலேயே மாவாகிவிடும். கிரனைற் நூறு கிலோமீற்றரைத் தாண்டியும் முழுசாக வந்துசேரும். ஆகவே மாவைக் கேட்டால் ஒரு கதை சொல்லும், கல்லைக் கேட்டால் இன்னொரு கதை. எனக்கு அவமானம் வந்தது கல்லின் பக்கத்திலிருந்து.

நான் தனியாகத் தளத்துக்குப் போகத் தொடங்கி மூன்றாவது வருடம். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு நகரத்தில் பலமாடிக் கட்டடம். ஆறு துளை. கட்டடத்தின் தூண்களைக் கீழே பாறையில் நிறுத்துவது திட்டம். ஆகவே பாறை எத்தனை மீற்றரில் என்பதுதான் எல்லோருக்கும் வேண்டிய ஒற்றைத் தகவல். முதல் துளையில் 11.4 மீற்றரில் சம்மட்டி குதித்தது. குதிப்பது என்பது ஒரு சத்தம். மண்ணில் விழும்போது தொப்பென்று அமுங்கும். கல்லில் விழும்போது டங்கென்று கம்பி துள்ளும், கைப்பிடியில் அதிர்வு முழங்கைவரை ஏறும். ஐம்பது அடி, இறக்கம் பூச்சியம். இரண்டாம் துளையில் 11.7. மூன்றாவதில் 11.2. மூன்று துளையும் ஏறத்தாழ ஒரே மட்டம். கொட்டுகிற மழை, வெள்ளிக்கிழமை பின்னேரம், வைரமுனை வைத்துப் பாறையைக் குடைகிற உபகரணம் இன்னொரு தளத்தில். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்றும் ஒத்துப்போகுதே, எழுது என்றார்கள். 'பாறை' என்று எழுதினேன்.

அடுத்த வருடம் தூண்துளை போடுகிற பெரிய இயந்திரம் வந்தது. 11 மீற்றரில் அது ஒரு கல்லை முறித்துக்கொண்டு கீழே போனது. அங்கே திரும்பவும் ரில். பாறை வந்தது 18 மீற்றருக்குக் கீழே. தூண் ஒவ்வொன்றும் ஏழு மீற்றர் நீண்டது. யார் காசு கொடுப்பது என்று கடிதங்கள் பறந்தன. என்னை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு, என் கையெழுத்துக் குறிப்புத்தாளை மேசையில் பரப்பினார்கள்.

அந்தத் தாளில் என் எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஸ்பூன் நுனியில் இளஞ்சிவப்புச் சில்லுகள்.

அந்த நகரத்தின் கீழே இருப்பது சாம்பல் ஷேல். அதில் இளஞ்சிவப்பு என்று ஒரு மணிகூடக் கிடையாது. ஷேல் சம்மட்டியைத் துள்ளவும் வைக்காது. மேல்பக்கம் உக்கியிருக்கும், ஸ்பூன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித்தான் நிற்கும். கண்ணும் காதும் இரண்டு சாட்சி சொல்லியிருக்கின்றன, நானே எழுதியும் இருக்கிறேன், ஆனால் படிக்கவில்லை. மூன்று துளையும் ஒரே மட்டத்தில் நின்றதற்கும் விளக்கம் இருக்கிறது. பழைய ரில்லின் மேல்முகத்தைப் பனி அரித்து, பொடியைக் கொண்டுபோய், பெருங்கற்களை மட்டும் ஒரு தளமாக விட்டுவைக்கும். பிறகு அதன்மேல் புது ரில்லைப் பூசிவிடும். கல்பாவிய முற்றம்போல, உச்சிகள் தேய்ந்து ஒரே திசையில் கீறல் விழுந்து இருக்கும். நான் தட்டியது அந்த முற்றத்தை. நியூபவுண்லாந்துக்காரர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மகனே, நீ தெற்கே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தளத்திலும் முதல் வேலையாக வடக்கு எது என்று பார்த்துக்கொள்வேன். சக வேலையாட்கள் நான் ஏதோ பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்ததுண்டு.

ஆனால் வடக்கும் எப்போதும் சரியல்ல. ரொறன்ரோப் பக்கத்தில் மேலே கிடக்கும் இளைய ரில்லை ஹோல்ற்ரன் ரில் என்பார்கள். அதில் கல் குறைவு, களியும் வண்டலும் அதிகம். அதன் கீழே வரும் நியூமார்க்கற் ரில்லோ மணலும் கல்லுமாகச் சம்மட்டியைத் திணற வைக்கும். இரண்டும் ஒரே ஊர், கீழே ஒரே ஷேல். ஏன் இந்த வித்தியாசம்? நியூமார்க்கற்றைப் போட்ட பனி வடக்கிலிருந்து, கேடயத்தையும் சுண்ணாம்புக்கல்லையும் அரைத்துக்கொண்டு வந்தது. ஹோல்ற்ரனைப் போட்டது கடைசியாக ஒருமுறை ஒன்ராறியோ ஏரிப் பள்ளத்துக்குள்ளிருந்து மேலேறி வந்த பனி. அது வழியில் தின்றது ஏரி அடித்தளத்துச் சேற்றை. பாறையை மட்டும்தான் பனி அரைக்கும் என்று யார் சொன்னது? அதன் வழியில் களிமண் கிடந்தால் ரில்லும் களிமண்தான்.

மொரேன் என்ற சொல்லை இதுவரை எழுதாமல் வந்துவிட்டேன். காரணம், என் தொழிலில் ரில் என்பது பொருள், மொரேன் என்பது அந்தப் பொருள் குவிந்த உருவம். நான் துளைக்குள்ளே பார்க்கிறவன், உருவம் தெரியாது. அதைக் கண்ணால் கண்டது 2003இல், பிள்ளைகளோடு அல்பேர்ட்டாவுக்குப் போனபோது. அதபாஸ்கா பனியாற்றின் வாயை நோக்கி நடக்கிற பாதையில், எந்த வருடம் பனி எதுவரை இருந்தது என்று பலகைகள் நட்டிருக்கிறார்கள். 1840களில் அது இன்று நெடுஞ்சாலை இருக்கும் இடத்தை எட்டியிருந்தது. அதிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் பின்னே போய்விட்டது. பக்கவாட்டில் பல மாடி உயரத்துக்குக் கத்திமுனைபோல நீண்ட கல்மண் மேடு. பனி நிரம்பி ஓடிய நாளில் அதன் தோள் உரசி விட்டுப்போன பக்க மொரேன். முன்னால் முழங்கால் உயரத்துக்கு வளைந்து வளைந்து சின்ன வரப்புகள்.

மகள் கேட்டா: "பனி பின்னுக்குத்தானே போகுது, பிறகு எப்படி முன்னுக்கு மண் தள்ளும்?" நல்ல கேள்வி. பெரியவர்களும் இங்கேதான் இடறுகிறார்கள். பனியாறு ஒருநாளும் பின்னே நடப்பதில்லை. அதன் உடம்பு எப்போதும் கீழ்நோக்கியே வந்துகொண்டிருக்கும், மண்ணையும் கல்லையும் சுமந்துகொண்டு. வருகிற பனியைவிட நுனியில் உருகுகிற பனி கூடினால் நுனி மட்டும் பின்னே போகும். மாரியில் உருகல் நின்றவுடன் நுனி சற்று முன்னே வந்து ஒரு வரப்பைத் தள்ளிவைக்கும். கோடையில் விட்டுவிட்டுப் போகும். வரவும் செலவும் பல வருடம் ஒத்துநின்றால் நுனி ஓரிடத்திலேயே நிற்கும். சுமை அங்கேயே கொட்டிக் குவியும். பெரிய மொரேன் என்பது நுனி நின்ற இடத்தின் கணக்கு.

அமிலப் போத்தலை விமானத்தில் கொண்டுபோக முடியவில்லை. மகன் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு வாங்கி வைத்திருந்த வினாகிரிப் பொட்டலம் ஒன்றைக் கிழித்து, அந்த வரப்பின் சாம்பல் நிறக் கல்மாவில் ஊற்றினேன். காதருகே பிடித்தால் மெல்லச் சீறுவது கேட்டது. மேலே மலைகள் சுண்ணாம்புக்கல், மாவும் அதே. அந்த மாவைக் கரைத்துக்கொண்டு போகும் சுன்வாப்ரா ஆறு பால்கலந்த தேத்தண்ணி நிறத்தில் ஓடியது.

ரொறன்ரோவாசிகளுக்கு மொரேன் என்றால் ஓக் றிட்ஜஸ் மொரேன். நயாகரா மலைச்சரிவிலிருந்து கிழக்கே 160 கிலோமீற்றர் நீளும் மேடு. டொன், ரூஜ் ஆறுகளின் ஊற்று அங்கேதான். பெயரைக் கேட்டு ரில் குவியல் என்று நினைத்துத் துளைத்தால் வருவது மணலும் பரலும், அதுவும் அடுக்கடுக்காக. பனிப்பாளம் வடக்கே ஒரு மடலும் ஏரிப்பக்கம் ஒரு மடலுமாகப் பிரிந்தபோது நடுவில் விழுந்த இடைவெளிக்குள் உருகுநீர் கொண்டுவந்து கொட்டியது அது. தண்ணீர் தொட்டதால் சல்லடை வேலை நடந்துவிட்டது. அதனால்தான் மழைநீர் உள்ளே இறங்கித் தங்குகிறது. அதனால்தான் 2001இல் மாகாண அரசு அதைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே போட்டது. ட்ரில்லர்களுக்கு அது வேறுவிதமாக ஞாபகம். இந்தப் பக்கத்தில் மூடிபோலக் கிடக்கும் இறுகிய ரில்லைத் துளைத்துக் கீழேயுள்ள மணலைத் தொட்டால், அடைபட்டிருந்த தண்ணீர் மணலையும் இழுத்துக்கொண்டு ஓகரின் உள்குழாய் வழியாக ஏறும். ஒருநாள் இடுப்புவரை நனைந்து, உறைகிற குளிரில் இரவு ஒன்பது மணிவரை சீமெந்துக் கலவை ஊற்றித் துளையை அடைத்தோம். காணிக்காரர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொன் பள்ளத்தாக்கின் பழைய செங்கல் தொழிற்சாலை பற்றியும் இரண்டு வார்த்தை. 1889இல் தொடங்கி, மாஸி ஹோல் அரங்கத்துக்கும் காசா லோமா மாளிகைக்கும் செங்கல் கொடுத்த இடம். ஷேலையும் களியையும் வெட்டி வெட்டி அவர்கள் விட்ட சுவரை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆர்தர் கோல்மன் படித்தார். அடியில் ஷேல். அதன்மேல் யோர்க் ரில். அதன்மேல் வெப்பகாலத்து மணலும் களியும்; அதில் ரொறன்ரோவைவிடச் சூடான இடத்துக்குரிய மரங்களின் எச்சம். பாப்பா என்று ஒரு மரத்தின் பெயரைக் கேட்டதும் நம் பப்பாசி என்று நினைத்தேன். இல்லை, அது அன்னமுன்னாவின் உறவுக்காரி. அதற்கும் மேலே மறுபடி குளிர்காலத்து மண். பனி ஒருமுறை வந்து போய், ஊர் சூடாகி, மரம் வளர்ந்து, திரும்பவும் பனி வந்திருக்கிறது. ஒரே சுவரில் இதைக் காட்டியவர் கோல்மன். 1907இல் அதே மனிதர் வடக்கே கோபால்ற் நகரத்துப் பக்கம் இன்னொன்றையும் எழுதினார்: ரில்லே இறுகிப் பாறையாகிவிட்ட ஒரு படிவு. அதன் வயது இருநூறு கோடி வருடத்துக்கும் மேல். அந்தப் பக்கத்தில் ஒருமுறை குடைந்தெடுத்த கல்லுருளையைக் கையில் வைத்திருந்தேன். கரும்பச்சை நிறத்துக்குள் இளஞ்சிவப்புக் கிரனைற் பரல்கள், சின்னதும் பெரிதுமாக, ஒரு ஒழுங்கும் இல்லாமல். எங்கள் ஸ்பூனில் அன்றாடம் வருகிற ரில்தான், கல்லாகியிருந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் எனக்கு உதவியாக ஒரு தமிழ்ப் பெடியன் வந்தான். ஏஜக்ஸில் ஒரு காணி. 14 மீற்றரில் கம்பி துள்ளியது.

"அண்ணை, பாறை வந்திட்டுது."

"என்ன நிறம்?"

ஸ்பூன் நுனியைத் துடைத்துப் பார்த்தான். "சாம்பல். சிவப்பு ஒண்டும் இல்லை."

என் கதை அவனுக்குத் தெரியும். அதனால்தான் அந்த இரண்டாவது வசனம். அமிலத்தை விடச் சொன்னேன். நுரைத்தது. சுண்ணாம்புக்கல். அவனுக்கு முகம் விழுந்தது, பிறகு யோசித்துவிட்டு, "ஷேலுக்குள்ள சுண்ணாம்புக்கல் படை வரும்தானே அண்ணை?" என்றான். உண்மை. இங்கத்தைய ஷேலுக்குள் கையகலத் தடிப்பில் சுண்ணாம்புக்கல் படைகள் உண்டு. நிறமும் அமிலமும் இந்த இடத்தில் உதவா. "அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டான். வைரமுனையைப் பூட்டச் சொன்னேன். மூன்று மீற்றர் குடைந்தோம். பெட்டியில் அடுக்கிப் பார்த்தால், முதல் 40 சென்றிமீற்றர் சாம்பல் சுண்ணாம்புக்கல். அதன் கீழே குழாய் வெறுமை, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மணலும் வண்டலும். வடக்கே லின்ட்சேப் பக்கத்துக் கல். பாறை இன்னும் ஐந்து மீற்றர் கீழே இருந்தது. அங்கே மூன்று மீற்றர் தொடர்ந்து ஷேலைக் குடைந்த பிறகு பெடியன் தன் கையால் 'பாறை' என்று எழுதினான்.

இந்தப் பக்கத்தில் வீடோ கோயிலோ கடைத்தொகுதியோ கட்டுகிற நம்மவர்கள் இப்போது நிறையப்பேர். மண் அறிக்கை என்று ஒரு தடித்த புத்தகம் உங்கள் கைக்கு வரும். பணத்தைக் கட்டிவிட்டு அதைத் திறக்காமலே அலுமாரியில் வைப்பீர்கள். பின்பக்கத்தில் துளைக் குறிப்புகள் இருக்கும். அதில் 'பாறை' என்ற சொல்லைத் தேடிப் பிடித்து, எத்தனை மீற்றர் குடைந்து பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மூன்றுக்குக் குறைவென்றாலோ ஒன்றுமே எழுதவில்லை என்றாலோ, அத்திவாரத்துக்கு விலை பேச முன்னர் பொறியியலாளருக்குத் தொலைபேசி எடுங்கள்.